கோதுமையில உள்ள உப்பு தாங்குற ஜீன் நம்ம நெல்லுக்கு ஆகுமா?

அடுத்த கேள்வி மணக்குடி பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. காயல் தண்ணி வயல்ல கேறி நெல்லு இலை நுனி எல்லாம் கருகுதாம், கோதுமையில உப்பு தாங்குற ஜீன் கண்டுபிடிச்சிட்டாங்களே, அதை நம்ம நெல்லுல சேத்தா என்னன்னு கேக்காரு.

அண்ணே, அந்த ஜீன் என்ன வேலை பாக்குதுன்னு முதல்ல சொல்லுதேன். உப்புல உள்ள சோடியம் வேர்ல இருந்து தண்ணியோட சேந்து மேல ஏறி இலையில சேந்துகிட்டே இருக்கும், அதான் மூத்த இலை முதல்ல கருகுது, இலை போனா கதிரு எப்படி முத்தும். இந்த ஜீன் உள்ள பயிரு, தண்ணி ஏறுற குழாய்ல இருந்தே சோடியத்தை உருவி வேர்லயே பிடிச்சு வச்சுக்கிடும், இலைக்கு ரொம்ப விடாது. ஆஸ்திரேலியாவுல பாஸ்தா செய்ற டூரம் கோதுமைக்கு இந்தக் குணம் இல்லாததால ஒரு பழைய கோதுமை இனத்துல இருந்து இனக்கலப்பு செஞ்சு கொண்டுவந்தாங்க, ஜிஎம் (மரபணு மாத்தின பயிரு) கிடையாது, 2012ல ரிசல்ட் வெளியிட்டாங்க. உப்பு நிலத்துல 25 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல். இந்த 25ஐ நிறைய பேரு தப்பா சொல்லுதாங்க, அது அதே உப்பு வயல்ல ஜீன் இல்லாத கோதுமையை விட கூடுதல், நல்ல நிலத்து விளைச்சலை விட இல்ல.

நம்ம நாட்டுலயும் ராஜஸ்தான் கார்ச்சியா கோதுமையை வச்சு ஹரியானா கர்னால்ல உப்பு பாதிச்ச நிலத்துக்குன்னே கேஆர்எல்ங்கிற கோதுமை ரகங்கள் போட்டிருக்காங்க, அருமையான வேலை.

ஆனா நெல்லுக்கு கோதுமைகிட்ட போகவே வேண்டாம்ணே. அதே குடும்பத்து ஜீனை 2005லயே வங்காளத்து நோனா போக்ரா நெல்லுல கண்டுபிடிச்சாச்சு, பக்கத்துல கேரளாவுல பொக்காளி நெல்லு இருக்கு, உப்பு தாங்குற நெல்லு உருவாக்க உலகம் பூரா அதைத்தான் எடுக்காங்க. திருச்சி 3 நெல்லு போடலாமான்னு யாராவது சொன்னா யோசிங்க, அது களர் நிலத்துக்கு, அதாவது சோடியம் மண்ணுல ஒட்டி காரம் கூடிப்போன நிலத்துக்கு வந்த ரகம், உங்களுக்கு வந்திருக்கது கடல் உப்பு கரைஞ்சு சேந்த உவர், ரெண்டும் வேற வேற. அதனால களரைத் திருத்துற ஜிப்சத்தை வாங்கிக் கொட்டுறதுக்கு முன்னாடி மண்ணையும் தண்ணியையும் கொடுத்து இசி (உப்பு அளவு), பிஎச் (கார அளவு) பாத்துருங்க, வெறும் உவருன்னா ஜிப்சத்துக்கு வேலையே இல்ல, நல்ல தண்ணி விட்டு அலசி வடிச்சாத்தான் உப்பு போகும்.

இன்னொண்ணு, எந்த ரகம் போட்டாலும் நெல்லு இளம் நாத்துலயும் பூக்குற நேரத்துலயும்தான் உப்புக்கு ரொம்ப வாடும். நாத்தங்காலை நல்ல தண்ணி உள்ள இடத்துல போட்டு கொஞ்சம் முத்தின நாத்தா நடுங்க, பூக்குற சமயத்துல காயல் தண்ணி கேறாம மடையை அடைச்சு வச்சுக்கிடுங்க.