கடல் எதிரில்தான் இருந்தது, நடுவர் அவர்களே!

நடுவருக்கும் அவையோருக்கும் வணக்கம். வாழ்வில் வெற்றிக்கு மனப்பாடமே போதும் என்று எதிரணி முழங்கிவிட்டது. புரிதல்தான் வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபைன்மன், 1950-களின் தொடக்கத்தில் பிரேசிலின் ரியோ நகரில் இயற்பியல் நடத்தினார். மாணவர் கைகளில், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் ஊடுருவவிடும் போலராய்டு துண்டுகள் இருந்தன. ஒளி அப்படி ஒரே திசையில் அதிர்வதுதான் தளவிளைவு. ஒளி எந்தத் திசையில் தளவிளைவு அடைந்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார், பதில் இல்லை. சன்னலுக்கு வெளியே வளைகுடாவைப் பாருங்கள் என்றார். பார்த்தார்கள், அழகாக இருந்தது, அவ்வளவுதான். ப்ரூஸ்டர் கோணம் தெரியுமா என்று கேட்டாரோ இல்லையோ, ஒளிவிலகல் எண் கொண்ட ஊடகத்தில் பட்டு எதிரொளிக்கும் ஒளி முழுமையாகத் தளவிளைவு அடையும் கோணம் என்று அச்சுப் பிசகாமல் விடை வந்தது. நடுவர் அவர்களே, அந்த ஊடகம் எதிரே அலையடித்துக்கொண்டிருக்கும் தண்ணீர்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை! துண்டைத் திருப்பியபடி அதன் வழியாக வளைகுடாவைப் பார்க்கச் சொன்ன பிறகுதான், அந்த ஒளி தளவிளைவு அடைந்திருக்கிறதே என்று வியந்தார்கள்.

கதை முடியவில்லை. ஊர் திரும்புமுன் ஃபைன்மன் மேடையேறி, இங்கே அறிவியலே கற்பிக்கப்படவில்லை, இரண்டு மாணவர்கள்தாம் தேறினார்கள் என்றார். அவர்களில் ஒருவர் எழுந்து, தாம் படித்தது ஜெர்மனியில் என்றார். பிறகு, நன்கு கற்றவர் என்று ஃபைன்மன் சுட்டிய ஒரு பேராசிரியர் எழுந்து, போர்க்காலத்தில் நல்லவேளையாக ஆசிரியர்கள் எல்லாரும் போய்விட்டதால் தாமே படித்துக் கற்றதாகச் சொன்னார்!

எதிரணி நண்பர் ஒரு கிண்டல் செய்தார்: 'புரிந்து படித்தவன் வாத்தியார் ஆனான், மனப்பாடம் செய்தவன் அவனுக்குச் சம்பளம் போடும் அதிகாரி ஆனான்.' கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அந்த அதிகாரியின் அறைக்குள் சற்றுப் போய்ப் பாருங்கள். கோப்பு வந்ததும் அவர் மணியடித்துத் தலைமை எழுத்தரை அழைத்து, 'இது என்னய்யா, எங்கே கையெழுத்து?' என்கிறார். இருபது ஆண்டுகளாக அந்த நாற்காலியைத் தாங்கிக்கொண்டிருப்பது தலைமை எழுத்தரின் புரிதல்தானே? சம்பளம் மட்டும் அதிகாரிக்கு என்றால், அதற்குப் பெயர் வெற்றியா, நண்பரே?

சம்பளக் கணக்கை விடுங்கள். விடுதியிலிருந்து பிள்ளை தொலைபேசியில் 'சாப்பிட்டேன்மா' என்கிறான். மறுமுனையில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத தாய், 'ஏன்டா, குரல் ஒரு மாதிரி இருக்கே?' என்கிறாள். எந்தக் கோனார் உரையில் இருக்கிறது இந்த விடை? நம்மில் எத்தனை பேரை, நம் மதிப்பெண் பட்டியலைப் படிக்கத் தெரியாமல் நம்மை மட்டும் படிக்கத் தெரிந்த ஒருத்தி கரைசேர்த்திருக்கிறாள்! எதிரணி நண்பரின் தாயார் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். மகனை மனப்பாடம் செய்து வளர்த்தாரா, புரிந்து வளர்த்தாரா என்று நடுவர் அந்த அம்மாவையே கேட்டுத் தீர்ப்பு எழுதட்டும்; அவர் சொல்வதற்கு நான் கட்டுப்படுகிறேன்.