பதிவேட்டில் தெரியும் திங்கட்கிழமை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வளரும் பிள்ளைகளின் மனநலத்துக்கு முதல் பொறுப்பு வீட்டுக்கா, பள்ளிக்கா? பள்ளிக்கே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணிச் சகோதரி, "பெத்தவளுக்குத் தெரியாதது வாத்தியாருக்கா தெரியப் போவுது?" என்று கேட்டார். தெரியும் அம்மா. எப்படின்னு சொல்லுதேன்.

நம்ம குமரி மாவட்டத்துத் தூத்தூரில் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போன அப்பா கரை திரும்ப வாரக்கணக்காகும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன்னே வீட்டை விட்டு இறங்கணும். இன்னொரு அப்பா வளைகுடாவில். அவங்க பாசத்தில் குறையே இல்லை. ஆனா தினமும் பார்க்கிற முகத்தில் மெல்ல வரும் மாற்றம் கண்ணுக்குப் படாது. வகுப்பாசிரியர் முன்னால் அதே வயசில் நாற்பது பேர் இருக்காங்க. ஒருத்தன் வாடினா தனியாத் தெரியும்.

அவர் கையில் வருகைப் பதிவேடும் இருக்கு. ஒரே பெயருக்கு நேரே திங்கட்கிழமைதோறும் ஆப்சென்ட். கேட்டா வயிற்றுவலி. அந்த வலி பொய்யில்லை, பயம் பல பிள்ளைகளுக்கு வயிற்றில்தான் வரும். நோட்டையும் எடுத்துப் பாருங்க: ஜூனில் குண்டு குண்டாக நின்ற எழுத்து செப்டம்பரில் கோட்டை விட்டுச் சரியுது, பாதி விடையில் நிற்குது. ரெண்டு வாரம் இப்படியே போனா, பேசியே ஆகணும்.

ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டா காரியம் கெட்டுப்போகும், அங்கே நாலு பேர் காது இருக்கு. வராந்தாவில் கூடவே நடந்து, "மக்களே, கொஞ்ச நாளா நீ தனியா இருந்து சாப்பிடுதே, கவனிச்சேன்" என்று கண்டதை மட்டும் சொல்லணும். "ஏன்" என்று கேட்டா விசாரணை ஆயிரும். பிறகு பேசாம காத்திருக்கணும். அந்த மௌனத்தைத் தாங்காம அறிவுரையை ஆரம்பிக்கிற இடத்தில்தான் பிள்ளை வாயை மூடும். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணக் கூடாது. உயிருக்கு ஆபத்துன்னா சொல்லுவேன் என்பதை முதல்லயே சொல்லிரணும். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதுசா முளைக்காது. ஆமா என்றால் பிள்ளையை ஒரு நிமிஷமும் தனியே விடாம, வீட்டாரை வரவழைத்து, அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகணும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி போன் எண் 14416 இருக்கு. இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்போ வீட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு, அதை எடுத்துச் சொல்ல வேண்டியது பள்ளி. பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மார்க்கை வாசித்தா ராத்திரி வீட்டில் அடிதான் விழும். தாயைத் தனியே இருத்திச் சொல்லணும்: பதின்ம வயசுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேணும், ராத்திரி போன் ஹாலில் கிடக்கட்டும். மாத்திரை, பூச்சிமருந்து, ரப்பர் ஷீட் அடிக்கிற வீடுன்னா பால் உறைய வைக்கிற ஆசிட், எல்லாத்தையும் பூட்டி, சாவியைப் பெரியவங்க வச்சுக்கணும். சாகணும்னு வெறி கொண்டு வரும் எண்ணம் பல நேரம் கொஞ்சப் பொழுதில் தணிஞ்சிரும். அந்தப் பொழுதைக் கடத்துவது பூட்டுதான்.

சிகிச்சை முடிந்து பிள்ளை திரும்பி வருமே, அந்தத் திங்கட்கிழமையை எந்த வீடும் நடத்திக் கொடுக்க முடியாது, நடுவர் அவர்களே. "இத்தனை நாள் எங்கல போன?" என்று யாரும் கேட்காம, பழைய பெஞ்சில், பழைய கூட்டுகாரன் பக்கத்தில் இடம் போட்டு, விட்ட பாடத்தை வாரத்துக்குக் கொஞ்சமா எழுத விடணும். அது வகுப்பறையில்தான் நடக்கும்.