மூட்டுவலி உள்ள அம்மாவும் எட்டு வயதுக் குழந்தையும் மலைப்பாதையில் நடக்கலாமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நம் மொரீஷியஸ் தீவின் கத்ர் போர்ன் நகரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் அம்மாவுக்கு எழுபது வயது. தைப்பூசத்தன்று கோர் தெ கார்த் மலை முருகன் கோயில் படிகளை மெதுவாக ஏறிவிடுவார். இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கிறது. எட்டு வயது மகளும் கல்லூரியில் படிக்கும் மகனும் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் நடக்க ஏற்ற பாதை எது? உயரம் குறைந்த மலையாகச் சொல்லுங்கள்."

உயரம் குறைந்த மலை என்று தேட வேண்டாம் என்பதே என் முதல் பதில். மொரீஷியஸின் மிக உயர்ந்த சிகரமான பித்தோன் தெ லா பெத்தித் ரிவியேர் நுவார் 828 மீட்டர் உயரம் உடையது. ஆனால் பாதை பிளேன் ஷாம்பாஞ் மேட்டுநிலத்திலேயே தொடங்கிவிடுவதால், பெரும்பகுதி முகட்டின் மேல் ஏறி இறங்கிச் செல்லும் நடைதான், கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்தான பகுதி கடைசியில்தான் வருகிறது. லெ மோர்ன் மலை வெறும் 556 மீட்டர். ஆயினும் அதன் பாதையின் மேற்பகுதியில் பாறையைக் கையால் பற்றித்தான் ஏற முடியும். அம்மாவையோ சிறுமியையோ நான் அங்கே அழைத்துச் செல்ல மாட்டேன்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: இறக்கம் எவ்வளவு, நினைத்த இடத்தில் திரும்ப முடியுமா? நம் தீவில் சாலையே மேட்டுநிலம் வரை போய்விடுவதால், பல பாதைகளில் முதலில் இறங்கிவிட்டு, களைத்த பிறகு ஏறித் திரும்ப வேண்டியிருக்கிறது. போகும்போது சுகமாக இருப்பதை நம்பி வெகுதூரம் இறங்கிவிடுகிறவர்கள்தாம் திண்டாடுகிறார்கள். அம்மாவின் முழங்காலுக்கோ அந்த இறக்கமே பகை. கோயில் படிகள் ஒரே அளவில் இருக்கும், காட்டு வேர்களும் ஈரக் கற்களும் அப்படி இருப்பதில்லை.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் பாதை, மேட்டுநிலத்தில் பூங்காவின் நுழைவிடமான பெத்ரேனிலிருந்து மக்காபே காட்சிமுனைக்குச் செல்லும் காட்டுச்சாலை. அகலமானது, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, இருவர் கைகோத்து நடக்கலாம். காட்சிமுனை வரை போய்வர அரை நாள் ஒதுக்குங்கள். அம்மா பாதி வழியில் திரும்பினாலும் குறையில்லை, ஏனெனில் கருங்காலி உள்ளிட்ட நம் தீவின் சொந்த மரங்களை வழிநெடுகக் காணலாம். ஆனால் செழித்து நிற்கும் சீனக் கொய்யா நம் மண்ணுக்கு உரியதன்று. பிரேசிலிலிருந்து வந்து காட்டை நெருக்கிக்கொண்டிருக்கும் செடி அது. பழுக்கும் காலத்தில் நாம் பைகளோடு போய் நிற்பது வேறு விஷயம்.

அவ்வளவும் நடக்க இயலாது என்றால் பள்ளத்தாக்கின் அடியில் உள்ள பிளாக் ரிவர் பார்வையாளர் மையத்துக்குப் போங்கள். அங்கிருந்து ஆற்றோரமாகச் சிறிது தூரம் சமதளத்தில் நடக்கலாம். 1974இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே என்ற நிலைக்கு வந்து, பின்னர் பெருக்கப்பட்ட மொரீஷியஸ் வல்லூறு அந்தப் பள்ளத்தாக்கின் மேலே பறப்பதைப் பார்க்க மகளுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கேட்பதுண்டு: மண்பாதை எதுவானாலும் மழைக்கு மறுநாள் வேண்டாம், சக்கரம் சேற்றில் புதையும்.

மழையைப் பற்றி இன்னொன்று. மேற்குக் கடற்கரையில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்யும்போது, மேட்டுநிலத்தில் ஏறக்குறைய 4000 மில்லிமீட்டர் பெய்கிறது. மேற்குக் கடற்கரை ஊரான ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் வெயில் அடிக்கிறது என்பதற்காகக் குடையில்லாமல் பெத்ரேனுக்குக் கிளம்பாதீர்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் மலைப்பக்கமே போக வேண்டாம். புதருக்குள் கையை விடக் கூடாது, மஞ்சள் குளவிக் கூடு இருக்கும். உணவுப் பையைத் திறந்து வைத்தால் குரங்கு கொண்டுபோய்விடும்.

மகனுக்கு இந்த நடை போதாது என்று நினைப்பீர்கள். அவர் மக்காபே காட்சிமுனைக்கு அப்பால், துணைக்கு ஒருவரோடு, பள்ளத்தாக்குக்குள் இறங்கட்டும். பெத்ரேனிலிருந்து பார்வையாளர் மையம் வரை மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர், 500 மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம், மழை பெய்திருந்தால் நன்றாக வழுக்கும். நீங்கள் மூவரும் வந்த வழியே திரும்பி, காரில் ஷமரேல் ஊர் வழியாகச் சுற்றிக் கீழே வந்து அவரை ஏற்றிக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்னதாக இருட்டும். எனவே காலையிலேயே தொடங்குங்கள். உள்ளே கைப்பேசி அலை எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பாமல், எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதைப் பெத்ரேனிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.