எருமை மூடியும் எழும்பூர்ப் பயணமும்

(கோத்தகிரியில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, ஊட்டியிலிருந்து மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, கொழுந்து பறிப்பை அரைநாள் விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு இதே மேடையில் பிள்ளைகளை மேட்டுப்பாளையம் வரை கொண்டுவிட ஒரு வேன் கேட்டேன். தலைவர் அவர்கள் கைக்காசு போட்டு அனுப்பிவைத்தார். ஆகவே என் பேச்சில் பாதி அவருடையது.

சின்னப் பிள்ளைகளுக்குச் சிற்பத்தை அறிமுகம் செய்வது பற்றி மூன்று செய்திகள் சொல்வேன்: எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது, திரும்பி வந்தபின் ஊரில் என்ன செய்வது. அதற்கு முன் ஒரு பழமொழி. ‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.’ நாயை அடிக்கக் கல் தேடியவன் கதையாகவே இதைச் சொல்லி வருகிறோம். கல்லில் செதுக்கிய நாயின் முன் நிற்பவன் பேச்சு அது என்று என் தமிழாசிரியர் விளக்கினார். நாயாகப் பார்த்தால் கல் மறைகிறது. கல்லாகப் பார்த்தால் நாய் மறைகிறது. இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும் கண் ஏழு வயதுக்குத் தானாக வாய்க்கிறது. நாம்தான் அதை மூடிவிடுகிறோம்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேர். நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் யாரும் தூங்கவில்லை. காலையில் சென்ட்ரலில் இறங்கியதும் குரங்குக் குல்லாயோடு வேர்த்துக் கொட்டி நின்றார்கள். கழற்றச் சொன்னால் ஒருத்தி அழுதாள், பாட்டி போட்டுவிட்டதாம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது, பெரியது. எல்லாவற்றையும் காட்ட முயன்றால் பிள்ளைகள் எதையும் பார்க்கமாட்டார்கள். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கு நேராகப் போய், ஒரு நடராசர் முன் தரையில் உட்காரவைத்தேன். ‘பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள்’ என்றேன். மூன்று நிமிடத்தில் ஒரு பையன் எழுந்து இடது காலைத் தூக்கி நின்றான். விழுந்தான். மறுபடி நின்றான். பிறகு 22 பேரும் ஒற்றைக்காலில். ‘டீச்சர், சாமி எப்படி விழாமல் நிற்கிறார்?’ என்றான் அவன். இதைவிட நல்ல கேள்வியை நான் வகுப்பில் கேட்டதில்லை. ஊன்றிய கால் அடியில் கிடக்கும் அசுரன் முயலகன்மேல் அழுந்தியிருப்பதையும், தூக்கிய காலுக்கு ஈடாக உடல் சாய்ந்திருப்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்து, பீடத்தில் ஓட்டை ஏன் என்றாள் குல்லாய்க்காரி. உற்சவத்தில் கழி செருகித் தூக்கிப்போக, என்றேன். நம் மலையில் படுகர்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு நடந்தே போகும் பிள்ளைகள் அல்லவா, உடனே புரிந்துகொண்டார்கள். சாமி உள்ளே வெறும் கூடா என்றான் இன்னொருவன். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள், உள்ளேயும் கனம்தான், எடுக்கும்போது மண்ணை உடைத்துவிடுவதால் ஓர் அச்சில் ஒரு சாமிதான் என்று சொன்னேன். ‘மெழுகு செத்துப்போய்ச் சாமியாகிவிட்டதா?’ என்றான். ஆம் என்றேன். வேறென்ன சொல்வது?

வெளியே வரும் வழியில்தான் அது நடந்தது. பழம்பொருள்கள் இருக்கும் பகுதியில், ஒரு மண்சாடியின் மூடிமேல் குட்டியாக ஓர் எருமை, வளைந்த கொம்போடு. ‘எங்கள் ஊர் எருமை!’ என்று ஒருத்தி கத்திவிட்டாள். கத்தியது தவறில்லை. இறந்தவர்களுக்காகப் பழங்காலத்தார் நம் மலைமேல் கல் அடுக்கி எழுப்பிய கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த சாடி அது. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் சேகரித்தவை அங்கே போயின. அவருடைய நூல் 1873இல் வெளிவந்தது. லண்டனிலும் நம் சாடிகள் இருக்கின்றன. கல்லைக் கண்டால் நாயைக் காணோம்: தோட்டத்து வேலிக்குக் கல் வேண்டுமென்று கல்வட்டத்தைப் பிரித்தவர்களுக்கு எருமை தெரியவில்லை.

அந்தப் பெண் தொட ஆசைப்பட்டாள். தொடக்கூடாது என்ற பலகை சரியானதே; கை வியர்வை பழம்பொருளைக் கெடுக்கும். ஆனால் சிற்பம் விரலாலும் அறிய வேண்டியது. அதனால்தான் கல்வி அலுவலர் அவர்கள் முன்னிலையில் மறுபடி கேட்கிறேன்: கோத்தகிரியில் தொட்டுப் பார்க்க ஒரு சிற்ப அறை வேண்டும். பூட்டிக் கிடக்கும் பழைய வகுப்பறை ஒன்று போதும். எருமை மூடிகளின் நகல்களைச் செய்ய நம் மலைப் பழங்குடிகளான கோத்தர் பெண்களைக் கேட்போம். மண் வனையும் கை அவர்களுடையது. மேலூர், சோலூரில் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பழைய கல்திட்டைகளில் உள்ள செதுக்கு உருவங்களைத் தாளில் ஒற்றி எடுத்து மாட்டுவோம். ரயில் டிக்கெட்டும் வேண்டாம், நுழைவுக் கட்டணமும் வேண்டாம். மழைக்காலத்திலும் பிள்ளைகள் நடந்தே வந்து தொடட்டும். கல்லையும் நாயையும் சேர்த்தே காணட்டும்.

மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் கையெழுத்து நோட்டு இருக்கிறது. போகும்போது ஒவ்வொருவரும் எழுதுங்கள். பெயர் எழுதத் தெரியாத பாட்டிமார் விரல் ரேகை வைத்தாலும் சரி, மை வைத்திருக்கிறேன்.