கையில் 80, நெஞ்சில் 104: எதை நம்புவது?

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் படிக்கிற தம்பி தங்கைகள் நிறையப் பேர் கேட்கிற விஷயம் இது: கை நாடி பார்த்தால் போதாதா, எதற்கு நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுக்க நிற்க வேண்டும்? பெரும்பாலானவர்களுக்குக் கை நாடியே போதும்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மாதிரி துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்களுக்குத்தான் போதாது. அவர்களுக்குச் சில துடிப்புகள் அவசரப்பட்டு வந்துவிடும், அதாவது ரத்தம் சரியாக நிரம்புவதற்குள்ளேயே இதயம் சுருங்கிவிடும், அதனால் அந்த அலை மணிக்கட்டு வரைக்கும் வந்தே சேராது. நெஞ்சில் 104 கேட்கும், கையில் 80தான் தட்டும். நடுவில் காணாமல் போகிற அந்த 24தான் பல்ஸ் டெஃபிசிட்.

சரி, எங்கே வைப்பது? தொண்டைக் குழியில் விரலை வைத்து மார்பெலும்பு மேலேயே மெதுவாகக் கீழே இறக்குங்கள், கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதை ஒட்டி இருப்பது இரண்டாவது விலா எலும்பு, அதற்குக் கீழே இருக்கிற பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து இடது பக்கமாகவே விரலால் மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தால் அது ஐந்தாவது பள்ளத்தைத் தொடுகிற இடம்தான் நமக்கு வேண்டியது. சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் ஒரு பள்ளம் மேலே, நான்காவதில். மார்புக் காம்பை அடையாளமாக வைத்துக்கொள்கிற குறுக்குவழி பெண்களுக்கு ஒத்துவராது, எலும்பை எண்ணித்தான் போக வேண்டும்.

வைப்பதற்கு முன்னால் ஸ்க்ரீனை இழுத்துவிடுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று நோயாளியிடம் சொல்லுங்கள், டயஃப்ரத்தை (ஸ்டெத்தில் நெஞ்சின் மேல் வைக்கிற தட்டையான வட்டத்தை) உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். சில்லென்று வைத்தால் ஆள் திடுக்கிட்டு மூச்சை இழுப்பார், உங்களுக்கு எதுவும் கேட்காது. (1816இல் பாரீஸில் லேனெக் என்கிற பிரெஞ்சு டாக்டர் ஸ்டெத்தைக் கண்டுபிடித்ததே கூச்சத்தால்தான், ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டிருக்கிறார்.) காதில் மாட்டுகிற முனைகள் மூக்கைப் பார்த்து இருக்கட்டும். சத்தம் மெலிதாக இருந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், இதயத்தின் முனை நெஞ்சுச் சுவரை ஒட்டி வந்துவிடும்.

அப்புறம் எண்ணுவது. லப்பும் டப்பும் சேர்ந்து ஒன்று. இரண்டையும் தனித்தனியாக எண்ணிவிட்டு 160 என்று பதறிப்போய் ஓடி வருகிறவர்கள் எல்லா பேட்ச்சிலும் இருக்கிறார்கள். அறுபது விநாடியும் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பவிட்ட ஒரு துடிப்பு நாலாகிவிடும், அதுவும் ஒழுங்கில்லாத இதயத்தில் எந்தப் பதினைந்து விநாடி கிடைக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். இதயத் துடிப்பைக் குறைக்கிற டிகாக்ஸின் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் இதில் சோம்பல் கூடவே கூடாது. பெரியவர்களுக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள், குழந்தைகளுக்கு அந்த அளவு இதைவிட அதிகம், டாக்டர் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

டெஃபிசிட் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெஞ்சில், ஒருவர் மணிக்கட்டில், கடிகாரம் மட்டும் ஒன்றுதான். ஒரே ஆள் முதலில் இதை, அப்புறம் அதை என்று எண்ணினால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. நெஞ்சில் இவ்வளவு, கையில் இவ்வளவு, துடிப்பு ஒழுங்காக இல்லை என்று மூன்றையும் சார்ட்டில் எழுதுங்கள், இந்த வித்தியாசம் புதிதாக வந்திருந்தால் ரவுண்ட்ஸ் வரைக்கும் வைத்திருக்காமல் அப்போதே டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.