கம்பெனி வாசலில் எழுதிய அந்த நோட்டு எங்கே?

வணக்கம். 2020-இல் கொரோனா ஊரடங்கு தளர்ந்து வேலைக்குத் திரும்பியவர்களுக்கு இது மறந்திருக்காது. கம்பெனி வாசலில் ஒரு மேஜை, சானிடைசர் பாட்டில், நூலில் கட்டின பேனா. செக்யூரிட்டி அண்ணன் நெற்றிக்கு நேரே தெர்மல் கன்னை நீட்டி, "97.4, போங்க" என்பார். அப்புறம் நோட்டில் நாமே எழுத வேண்டும்: பெயர், செல் நம்பர், டெம்பரேச்சர். எழுதும்போது மேலே உள்ள வரிகளும் கண்ணில் படும். யாருக்குக் காய்ச்சல், அந்தப் பெண்ணின் நம்பர் என்ன, எல்லாமே.

(திரையில்: திறந்து கிடக்கும் நோட்டு)

காய்ச்சல் பார்த்ததைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. அறிகுறியே இல்லாமல் தொற்றோடு நடமாடியவர்களை அந்தக் கருவி பிடிக்காது, ஆனாலும் அந்த நேரத்தில் கையில் இருந்ததைக் கொண்டு செய்தார்கள், சரி. எடுத்த விவரத்தை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்று அந்த வாசலில் யாருமே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆரோக்கிய சேதுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த, தொற்றுத் தொடர்பைக் கண்டுபிடிக்கும் ஆப்; ப்ளூடூத்தில் பக்கத்துப் போனையும் ஜிபிஎஸ்ஸில் நாம் இருந்த இடத்தையும் குறித்துக்கொண்டது. மே 1-ஆம் தேதி உள்துறை அமைச்சகம், தனியார் ஊழியர் உட்பட எல்லோருக்கும் அது கட்டாயம், நூறு சதவீதம் பேர் வைத்திருக்க நிறுவனத் தலைவரே பொறுப்பு என்றது. எதிர்ப்பு கிளம்பி, மே 17-இல் 'முடிந்த அளவு' என்று இறங்கி வந்தது. ஆனால் அதற்குள் "ஆப் காட்டினால்தான் உள்ளே" என்று பல இடங்களில் பழகிவிட்டது. சம்பளம் வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது, அங்கே காட்டுகிற போனை எப்படிச் சம்மதம் என்று சொல்வது?

அந்த ஆப்பின் தொடர்பு, இருப்பிட விவரங்களுக்காவது 180 நாள் என்று ஒரு வரம்பு எழுதினார்கள். நம் கம்பெனி நோட்டுக்கு யார் எழுதினார்கள்?

ஒன்றுக்கென்று வாங்கிய விவரம் இன்னொன்றுக்குப் போவதும் நடந்திருக்கிறது. சிங்கப்பூரில் ட்ரேஸ்டுகெதர் என்ற இதே மாதிரி அரசு ஆப், தொற்றுத் தொடர்பைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்றார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குப் போலீசும் அதைக் கேட்டு வாங்கலாம் என்பது நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் கொதித்த பிறகு, கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள்.

(திரையில்: 2017, 2023)

நம் ஊரில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சம்பந்தப்பட்ட தேவைகளுக்குச் சம்மதம் இல்லாமலே ஊழியரின் விவரத்தைப் பயன்படுத்த வழி விட்டிருக்கிறது. அதனால் நாம்தான் கேட்க வேண்டும். அன்று வாங்கிய டெஸ்ட் ரிசல்ட், தடுப்பூசிச் சான்றிதழ், அந்த நோட்டு, எல்லாம் இப்போது யாரிடம் இருக்கிறது, எப்போது அழிப்பீர்கள் என்று எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். வாய்வழியாக வேண்டாம், மெயிலாகவே. நாலைந்து பேர் சேர்ந்து போட்டால் இன்னும் நல்லது.