செல்சி கிளப்பை விற்கலாம், அதன் மைதானத்தை விற்க முடியாது

வணக்கம். 1982இல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறிய ஒரு கால்பந்து கிளப், 2022இல் 250 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது. லண்டனின் செல்சியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு தொகைகளோடு நின்றுவிடுகிறார்கள். அந்த 250 கோடியைக் கொடுத்தவர்களுக்கும் கிடைக்காத சொத்து ஒன்று உண்டு. ஆட்டக்காரர்கள் ஓடும் அந்தப் புல்தரையின் பத்திரம்தான் அது.

வழக்கமாக அணி முதலில் தோன்றும். மைதானத்தைப் பிறகு தேடுவார்கள். செல்சியில் மைதானம்தான் முந்தியது. கஸ் மியர்ஸ் என்ற தொழிலதிபர் 1904இல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தை வாங்கி, அதை அருகிலிருந்த ஃபுல்ஹாம் அணிக்குக் கொடுக்க முன்வந்தார், அவர்கள் மறுத்துவிட்டார்கள். நிலக்கரி கொட்டிவைக்க இடம் தேடிய ரயில்வே நிறுவனத்திடம் அதை விற்றுவிடலாம் என்று மியர்ஸ் எண்ணியிருந்த வேளையில், வேண்டாமென்று வாதாடிய நண்பர் ஃபிரெட் பார்க்கரை மியர்ஸின் நாய் கடித்ததாகவும், இரத்தம் வழிந்தும் அவர் பதறாமல் பேசியதைக் கண்டே மியர்ஸ் அவருடைய சொல்லைக் கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. மைதானத்துக்கு எதிரிலிருந்த ரைசிங் சன் மதுக்கூடத்தில், 1905 மார்ச் 10 அன்று செல்சி பிறந்தது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1970களில் கட்டிய பிரம்மாண்டமான கிழக்குப் பார்வையாளர் மாடம் கிளப்பைக் கடனில் தள்ளியது. 1982இல் தொழிலதிபர் கென் பேட்ஸ் அந்தக் கடன்களோடு சேர்த்துத்தான் ஒரு பவுண்டுக்கு கிளப்பை வாங்கினார். மைதானத்து நிலமோ அந்த விற்பனையில் சேரவில்லை. அது வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்து, பிறகு மனை வணிகர்களின் கைக்குப் போனது. சொந்த வீட்டிலேயே எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று அஞ்சிக் குடியிருக்கும் நிலை, பத்தாண்டுகளுக்கு நீடித்தது. 1990களின் தொடக்கத்தில் சொத்துச் சந்தை சரிந்து அந்த மனை நிறுவனம் நொடித்துப் போனதால்தான் செல்சி தப்பியது.

இனி ஒருபோதும் அந்த நிலை வரக்கூடாது என்பதற்காக 1993இல் உருவானதுதான் 'செல்சி பிட்ச் ஓனர்ஸ்' (செல்சி ஆடுகள உரிமையாளர்கள்) என்ற பங்கு நிறுவனம். என்னைப் பொறுத்தவரை, கால்பந்து உலகம் கண்ட மிக அழகான ஏற்பாடு இதுவே. ஒரு பங்கின் விலை 100 பவுண்டு. சாதாரண ரசிகரும் வாங்கலாம். எத்தனை பங்குகள் வைத்திருந்தாலும் ஒருவருக்கு 100 வாக்குகளுக்கு மேல் கிடையாது. மைதானத்து நிலம், ரசிகர்கள் நுழையும் சுழல்வாயில்கள், அவற்றோடு செல்சி கால்பந்து கிளப் என்ற பெயர் ஆகிய எல்லாம் இந்த அமைப்புக்கே சொந்தம். கிளப் 199 ஆண்டுக் குத்தகையில் அங்கே விளையாடுகிறது, வாடகை பெயரளவுக்குத்தான். ஆங்கிலச் சட்ட வழக்கில் இதை 'மிளகு வாடகை' என்பார்கள்: ஒரே ஒரு மிளகைக் கொடுத்தாலும் வாடகை கொடுத்ததாகவே கணக்கு. அணி ஒப்புதலின்றி வேறிடம் போனால், செல்சி என்ற பெயர் பழைய மண்ணிலேயே தங்கிவிடும்.

2003இல் ஏறத்தாழ 14 கோடி பவுண்டுக்கு கிளப்பை வாங்கிய ரஷ்யக் கோடீசுவரர் ரோமன் அப்ரமோவிச்சின் காலத்தில் கோப்பைகள் குவிந்தன. ஆயினும் 2011 அக்டோபரில் அவரது நிர்வாகம் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டபோது, 75 விழுக்காடு ஆதரவு தேவைப்பட்ட வாக்கெடுப்பில் 61.6 விழுக்காடுதான் கிடைத்தது. கோப்பைகளைத் தந்தவரிடமே, பத்திரத்தை மட்டும் தரமாட்டோம் என்றார்கள். நீங்கள் பங்குதாரராக இருந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பீர்கள் என்பதைக் கருத்துப் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.

உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்த சில நாட்களில், கிளப்பை விற்கப்போவதாக அப்ரமோவிச் அறிவித்தார். அடுத்து பிரிட்டன் அவர்மீது தடை விதித்த நாள் 2022 மார்ச் 10. அன்று கிளப்புக்கு 117 வயது நிறைந்திருந்தது. கிளப்பின் கடை மூடப்பட்டது, புதிய டிக்கெட் விற்பனை நின்றது, வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் பயணச் செலவு 20,000 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அரசின் சிறப்பு உரிமம் கட்டளையிட்டது. மே 30 அன்று அமெரிக்கத் தொழிலதிபர் டாட் போலியும் கிளியர்லேக் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனமும் இணைந்த குழுவிடம் கிளப் ஒப்படைக்கப்பட்டது. மேலும் 175 கோடி பவுண்டு முதலீடு செய்வதாகவும் அவர்கள் உறுதியளித்தார்கள். போரில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போய்ச்சேர வேண்டிய அந்த 250 கோடி, மூன்று ஆண்டுகள் கடந்த பின்னும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கிலேயே கிடந்தது மனத்தை வருத்துகிறது.

பழைய மைதானத்தை விரிவாக்குவதா, அருகிலுள்ள ஏர்ல்ஸ் கோர்ட்டில் புதிதாகக் கட்டுவதா என்று புதிய உரிமையாளர்கள் ஆலோசித்து வந்திருக்கிறார்கள். செல்சி என்ற பெயரோடு இடம் மாற வேண்டுமானால், அவர்களும் அந்த 100 பவுண்டுப் பங்குதாரர்களிடம்தான் வாக்குக் கேட்டு வர வேண்டும்.